ரகுவின் அம்மா எங்கே?

'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' பார்த்துவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் பார்த்துவிடுங்கள். சுமார் நாற்பது நிமிடம்தான். கார்த்திகி கோன்சால்வ்ஸ் இயக்கிய ஆவணப்படம். 2022-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது, 2023-ல் ஆஸ்கர் வாங்கியது. முதுமலை தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் ரகு என்கிற குட்டி யானையைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்க்கிறார்கள். வளர்ந்த ரகுவை வேறொருவர் பொறுப்பில் விட்ட பிறகு பெள்ளி படுகிற பாடு இருக்கிறதே... கல்நெஞ்சுக்காரருக்கும் கண் கலங்கிவிடும்.

நல்ல படம். ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு.

ரகு ஏன் அநாதையானான்? இரை தேடி ஊருக்குள் வந்த தாய், மின்சாரம் தாக்கிச் செத்துப்போனது. படம் இதைச் சொல்கிறது. சொன்ன வேகத்திலேயே, வறட்சி என்று வானத்தைக் கைகாட்டிவிட்டு நகர்ந்தும் விடுகிறது. அந்த மின்சாரத்தை வைத்தது யார், எதற்காக? மூச்! கேமரா மறுபடியும் குட்டி குளிக்கிற அழகை ரசிக்கப் போய்விடுகிறது.

விளைவு? ஆஸ்கருக்குப் பிறகு தெப்பக்காட்டுக்குக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போனார்கள். ரகுவைப் பார்க்கணும், பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கணும். யானை என்றால் கட்டிக்கொண்டு கொஞ்சுகிற குழந்தை என்றுதானே படம் சொல்லிக் கொடுத்திருக்கிறது!

சரி, போனவர்கள் ராத்திரி எங்கே தங்கினார்கள்? பி.காம். படித்தவனுக்கு இப்படித்தான் கேள்வி வரும். எந்த வரவுக்கும் எதிரே ஒரு பற்று இருந்தாக வேண்டுமே. முதுமலையை ஒட்டிய சீகூர் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே யானைகள் போய்வருகிற பாதை. 2010-ல் தமிழக அரசு அதை யானை வழித்தடமாக அறிவித்தது. ரிசார்ட்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றமும், 2020-ல் உச்ச நீதிமன்றமும் அரசின் அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தன.

ரகுவின் தாய் செத்தது வேறு பகுதியில்தான். ஆனால் கணக்கு ஒன்றே. வழியை அடைத்தால் யானை சுற்றிக்கொண்டு போகும். போகிற இடத்தில் வயல் இருக்கும், வேலி இருக்கும், வேலியில் சிலர் திருட்டுத்தனமாகக் கொடுத்த கரன்ட்டும் இருக்கும். அடுத்த ரகு அங்கேதான் தயாராகிறான்.

பொறுப்பான சுற்றுலா என்றால் யானைக்கு வாழைப்பழம் கொடுப்பது என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைவிட முக்கியம், நாம் எங்கே படுத்துத் தூங்குகிறோம் என்பது. 'அறையிலிருந்தே யானை பார்க்கலாம்' என்று ஒரு ரிசார்ட் விளம்பரம் செய்தால் சந்தோஷப்படாதீர்கள். யானையின் நடைபாதையில் உங்களுக்குக் கட்டில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டே கேள்வி கேளுங்கள். இந்த இடம் வழித்தடத்துக்குள் வருகிறதா? வேலியில் மின்சாரம் உண்டா?

பதில் சொல்லத் தயங்கினால் போனை வைத்துவிடுங்கள். பெள்ளிக்காக அழுதவர்கள் இதையாவது செய்யலாம்.