பெயரில்லாத பன்னிரண்டு பேர்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு நிர்ப்பந்தம் உண்டு. கதையில் ஒருவனைச் சாகடிக்க வேண்டுமானால் அவனுக்குப் பெயர் வைத்தாக வேண்டும். ஊர் சொல்லியாக வேண்டும். அவனுக்காக அழ ஒருத்தியாவது வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். பொய் என்று தெரிந்தே படிக்கிற கதைக்கு இத்தனை கெடுபிடி! மெய் என்று சொல்லிக்கொண்டு வரும் செய்தியிடம் மட்டும் நாம் ஏன் இவ்வளவு தாராளமாக இருக்கிறோம்?

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் வடநாட்டில் ஒரு செய்தி காட்டுத் தீயாகப் பரவிற்று. தமிழ்நாட்டில் இந்தி பேசிய குற்றத்துக்காகப் பீகார்த் தொழிலாளர்கள் 12 பேரைத் தூக்கில் தொங்கவிட்டார்களாம். உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கட்சியின் செய்தித் தொடர்பாளர் இதை எழுதினார். 'தைனிக் பாஸ்கர்' என்ற பெரிய இந்திப் பத்திரிகையும் இதே ரகத்துச் செய்திகளை வெளியிட்டது.

இதை ஒரு சிறுகதையாக வைத்துக்கொண்டு விமரிசனம் செய்து பார்க்கிறேன். 12 பேரில் ஒருவனுக்கும் பெயரில்லை. செத்தது திருப்பூரிலா, கோவையிலா? எந்தப் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள்? பிரேத பரிசோதனை நடந்தது எந்த ஆஸ்பத்திரியில்? பிணத்தை வாங்கிப் போக எந்தத் தகப்பன் ரயிலேறி வந்தான்? ஒன்றுமில்லை. ஒரு புது எழுத்தாளர் இப்படி எழுதிக் கொண்டுவந்தால், பாத்திரமே இல்லையே என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

வீடியோ படங்கள் இருந்தனவே என்பீர்கள். இருந்தன. அப்போதைய போலீஸ் டி.ஜி.பி. சைலேந்திர பாபு இரண்டு படங்களை எடுத்து விளக்கினார். இரண்டுமே திருப்பூரிலும் கோவையிலும் முன்பே நடந்த சச்சரவுகள். ஒன்றில் இரு தரப்பும் பீகார்க்காரர்கள். மற்றதில் இரு தரப்பும் கோவைக்காரர்கள். விழுந்த அடி நிஜந்தான். அடித்தவன் யார், பட்டவன் யார் என்று மேலே எழுதிய வாசகந்தான் புளுகு. பாட்னாவில் ஒரு வீட்டுக்குள் காயக்கட்டுடன் நடித்து எடுத்த படம் ஒன்றையும் பீகார் போலீஸார் கண்டுபிடித்தார்கள். மார்ச் 8-ஆம் தேதி ஹோலிப் பண்டிகை. அதற்காக ஊருக்குப் போகிறவர்கள் ரயில் நிலையத்தில் கூடியதுகூட, உயிர் தப்பி ஓடும் கூட்டமாக மாறிவிட்டது. கண்ணால் காண்பதும் பொய் என்று சொல்லி வைத்த நம் முன்னோர், வீடியோ வருமென்று எதிர்பார்த்தே சொன்னார்கள் போலும்!

தீர விசாரித்தவர்களும் இருந்தார்கள். 'ஆல்ட் நியூஸ்' முகம்மது ஜுபேர் இந்தப் புரளியை அம்பலப்படுத்தினார். கோவைக்காரரான கோட்டை அமீரின் பெயரால் வழங்கும் மத நல்லிணக்க விருதைத் தமிழக அரசு அவருக்கு 2024-இல் அளித்தது. பீகார் அரசு அனுப்பிய நால்வர் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களைப் பார்த்துப் பேசிற்று. முதலில் எழுதிய அந்தக் கட்சிக்காரரை மன்னிப்புக் கேட்கும்படி உச்ச நீதிமன்றம் சொல்லிற்று.

வடக்கே மட்டுமா இந்தக் கோளாறு? அதே ஆண்டு ஜனவரியில் திருப்பூரில் எடுத்த ஒரு படம், 'வடக்கத்தியான் தமிழனைத் துரத்துகிறான்' என்று நம் ஊர்க் கைப்பேசிகளில் ஓயாமல் சுற்றியது. டீக்கடையில் சிகரெட் புகையில் கிளம்பிய தகராறு என்று போலீஸார் சொன்னார்கள். அதற்குள் கோபம் ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது. அந்தப் படத்திலும் யாருக்கும் பெயரில்லை.

முதலில் கேட்ட கேள்விக்கு இங்கேதான் எனக்கு விடை கிடைக்கிறது. பெயரில்லாத பாத்திரம் கதையில் எழுந்து நிற்பதில்லை. வதந்தியில் ஆயிரம் காலால் நடக்கிறது. அந்த 12 பேரில் ஒருவனுக்குப் பெயரும் ஊரும் எழுதியிருந்தால், அந்த ஊரில் ஒருவர் எழுந்து, "அவன் செத்துப் போகவில்லையே, நேற்று என்னோடு பேசினானே" என்று சொல்லியிருப்பார். பொய் அன்றே மாண்டிருக்கும். பெயர் எழுதவில்லை. அதனால், மகனைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டு இருந்த ஒவ்வொரு பீகார்த் தாயும் அந்த வெற்றிடத்தில் தன் மகனின் பெயரை வைத்துப் படித்தாள். போனை எடுத்து, "உடனே புறப்பட்டு வந்துவிடடா" என்றாள்.

செய்தியாளர்களிடம் நான் இலக்கியம் கேட்கவில்லை. செத்தவன் பெயர் என்ன என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு அப்புறம் அச்சுக்குக் கொடுங்கள் என்கிறேன். காலணாக் கதைக்கும் நாங்கள் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.