செங்கால் நாரை எந்த நாரை?

சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டை வறுமைப் பாட்டாகவே நடத்துறாங்க. பறவையை யாரும் கண்டுக்கிறதில்ல. மார்கழியில் விருத்தாசலம் பக்கத்து வயல்களில் நான் பார்ப்பது நத்தைகுத்தி நாரை: மங்கலான அலகு, நடுவே இடைவெளி. மஞ்சள்மூக்கு நாரைக்குப் பேரே சொல்லிவிடும். பிளந்த பனங்கிழங்கு மாதிரி கூரிய பவள அலகும் சிவந்த காலும் சேர்ந்து பொருந்துவது, குளிர்காலத்தில் ஐரோப்பா, மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் வெள்ளை நாரைக்குத்தான்.

குமரியில் நீராடி வடக்கே திரும்பும்போது மனைவியிடம் சேதி சொல்லச் சொல்கிறார், மதுரைக் குளிரில் நடுங்கும் புலவர். அப்படின்னா தை, மாசி. பறவை கிளம்பிவிடும், அந்த அவசரம்தான் பாட்டு.

ஒன்று மட்டும் இடிக்கிறது. அவர் நாரையைப் பெடையோடு அனுப்புகிறார். வெள்ளை நாரைகள் கூட்டமாகத்தான் வலசை போகும். ஜோடி, புலவரே சேர்த்தது.