உள்ளீட்டு விதிகளும் வன்னிப் பெயர்களும் – ஒரு விமர்சன நோக்கு

கணினி மென்பொருள் விமர்சனத்துக்குரிய பொருளாகுமா என்ற வினா தமிழ்ச் சங்க வட்டாரங்களில் எழுதல் இயல்பே. ஆயின், மென்பொருளும் மனிதரால் எழுதப்பட்ட ஒரு பனுவல் என்பதும், அதன் ஒவ்வொரு விதிக்குப் பின்னும் எழுதியவரின் உலகநோக்கு மறைந்து நிற்கின்றது என்பதும் மனங்கொள்ளப்பட வேண்டும். திறந்த மூல மென்பொருளைப் பொறுத்தவரை இப்பனுவல் யாவரும் வாசிக்கத்தக்கதாக வெளிப்படையாகவே கிடக்கின்றது. வாசிக்கக்கூடியது எதுவோ அது விமர்சிக்கவும் கூடியது. அவ்வகையிலே, அண்மைக் காலத்தில் பாதுகாப்பின் பெயரால் இறுக்கப்பட்டுவரும் உள்ளீட்டுச் சரிபார்ப்பு விதிகளை வன்னிப் பெருநிலப்பரப்பின் அனுபவத்தோடு வைத்து நோக்குதல் பயனுடையதாகும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோரத்தை அழித்தபோது, கொழும்பிலிருந்த தகவல் தொழினுட்பத் துறையினர் சிலர் தொண்டுப் பணியாக ஒரு மென்பொருளை ஆக்கத் தொடங்கினர். ‘நிவாரணம்’ எனப் பொருள்படும் சிங்களச் சொல்லால் அது ‘சஹானா’ எனப் பெயர் பெற்றது. காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு என்பன அதன் முதன்மை உறுப்புகள். 2005இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெயிற்றியிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் நிறுவகம் சமூகப் பயனுக்காக வழங்கும் விருதில் 2006ஆம் ஆண்டுக்குரியதும் அதற்கே கிடைத்தது. இலங்கையிற் பிறந்து உலகப் பயன்பாட்டுக்குச் சென்ற திறந்த மூல ஆக்கங்களுள் இதற்குத் தனியிடம் உண்டு. அதன்மீது குற்றங்காணல் ஈண்டு நோக்கமன்று. ஒரு பெயர் பதிவேட்டினுள் நுழைகின்றதா, நுழைந்தபின் அதே பெயராகத் திரும்பக் கிடைக்கின்றதா என்பது உயிரோடும் உறவோடும் பிணைந்த வினா என்பதை அது காட்டுகின்றது என்பதே குறிப்பிடத்தக்கது. 2009இல் மூன்று இலட்சத்தை அண்மித்த மக்கள் வவுனியா மாவட்டத்து முகாம்களில் அடைபட்டிருந்த காலத்திலும், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தில் அமர்ந்த காலத்திலும் இவ்வினாவின் கனம் குறைந்துவிடவில்லை.

விதிகள் ஏன் இறுக்கப்படுகின்றன என்பதற்கு நியாயம் இல்லாமலில்லை. 1980இல் இணைய நெறிமுறைகளை வகுத்த யோன் பொஸ்ரல், பெறும்போது தாராளமாகவும் அனுப்பும்போது கண்டிப்பாகவும் இருத்தல் வேண்டும் என்ற கோட்பாட்டை முன்வைத்தார். வலையமைப்பு சிறியதாகவும் பயன்படுத்துவோர் ஒருவரையொருவர் அறிந்தவராகவும் இருந்த காலத்துக்கு அது பொருந்திற்று. பின்னாளில் அத்தாராளமே பிழைகளை நிலைபெறச் செய்தது என்ற மறுப்பு வலுத்து, 2023இல் இணையப் பொறியியல் வட்டத்தின் ஆவணம் ஒன்றிலும் இடம்பெற்றது. 2014இல் வெளிவந்த ‘ஹார்ட்பிளீட்’ வழு, அனுப்பியவர் தாமே கூறிய நீளத்தை ஓப்பன் எஸ்எஸ்எல் மென்பொருள் சரிபாராது நம்பியமையால் நேர்ந்தது. கேட்டவருக்கு ஒவ்வொரு தடவையும் 64 கிலோபைட்டு வரையான நினைவகப் பகுதி வெளியே கசிந்தது. அங்கே சரிபார்ப்பு இல்லாமையே நோய். ஆனால் 2021 டிசெம்பரில் ‘லொக்4ஜே’ நூலகத்திற் கண்டறியப்பட்ட வழு வேறு வகையினது. பதிந்து வைக்க வேண்டிய ஒரு சொற்றொடரை அந்நூலகம் கட்டளையாக விளங்கிக்கொண்டது. குற்றம் சொல்லில் அன்று, சொல்லைக் கட்டளையாக வாசித்த வாசிப்பில் இருந்தது. இவ்விரண்டு நோய்க்கும் மருந்து ஒன்றன்று. ஆயினும் நடைமுறையில் இரண்டுக்கும் ஒரே மருந்தே பூசப்படுகின்றது: ஐயத்துக்குரிய எழுத்துகளை விலக்கு, அல்லது அனுமதித்த எழுத்துகளை மட்டும் உள்ளே விடு.

அனுமதிப்பட்டியல் முறை தன்னளவிற் பிழையானதன்று. விலக்குப்பட்டியலிலும் அது சிறந்தது என்பது பாதுகாப்பு வல்லுநரின் ஒருமித்த கருத்து. பட்டியலை எழுதுபவர் எதனை ‘எழுத்து’ எனக் கருதுகின்றார் என்பதிலேயே சிக்கல் தொடங்குகின்றது. ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளை மட்டும் அனுமதிக்கும் விதியைப் பற்றிப் பேசவேண்டியதில்லை. அதனுடைய குறுகல் கண்கூடு. அதனினும் நுட்பமானது, பன்மொழிக்கு இடமளித்துவிட்டோம் என்ற மனநிறைவோடு எழுதப்படும் விதி. யுனிகோட் முறைமையில் க, ச, த முதலியன ‘எழுத்து’ என்ற வகுப்பிலும், புள்ளியும் உயிர்மெய்க்குரிய துணைக்குறிகளும் ‘சேர்குறி’ என்ற வேறு வகுப்பிலும் அடங்கும். ஆகவே ‘எந்த மொழியினதாயினும் எழுத்துகள் மட்டும்’ என்னும் விதி முல்லைத்தீவையும் ஏற்காது, கிளிநொச்சியையும் ஏற்காது, வவுனியாவையும் ஏற்காது. வன்னியின் இம்மூன்று மாவட்டங்களும் ஒரே வரியில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன. சஹானாவின் பிற்கால வடிவமான ‘ஈடன்’ எழுதப்பட்ட பைதன் மொழியையே எடுத்துக்கொண்டால், அதனோடு வரும் சொற்பாங்கு நூலகத்தின் சொல்லெழுத்து வகுப்பினுள் இக்குறிகள் அடங்குவதில்லை. அவ்வகுப்பைக் கொண்டு சொற்களைப் பிரித்தால் முல்லைத்தீவு ம, ல, ல, த, த, வ என ஆறு துண்டுகளாக உதிர்ந்துவிடும்.

நீளத்தை அளக்கும் விதியும் இதுபோன்றதே. முல்லைத்தீவு தமிழ் மாணவனுக்கு ஆறெழுத்து. யுனிகோட் கணக்கில் அது 12 குறியீட்டுப் புள்ளிகள். யூரிஎப்-8 வடிவில், தமிழுக்குரிய ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட்டு வீதம், 36 பைட்டு. புதுக்குடியிருப்பு ஒன்பது எழுத்து, 18 புள்ளி, 54 பைட்டு. 50 பைட்டு எல்லை வகுத்த புலம் ஒன்று அதனை இறுதி எழுத்தின் நடுவிலே வெட்டிவிடும். எஞ்சுவது ‘புதுக்குடியிருப்’ என்பதும் எந்த எழுத்துமாகாத இரண்டு பைட்டும். ஆங்கிலத்திற் பெயர் எழுதுபவருக்கு ஐம்பது என்பது தாராளமான எல்லை. அவ்வெல்லையை வகுத்தவர் தமிழருக்குப் பகைவரல்லர், ஓர் எழுத்து ஒரு பைட்டு என்பதற்கு அப்பால் எண்ணிப்பார்க்கும் தேவை அவருக்கு ஏற்படவில்லை, அவ்வளவே.

இவற்றிலும் ஆழமான சிக்கல் கிளிநொச்சியில் உண்டு. அதன் நடுவிலுள்ள ‘நொ’ இரு வகையாகப் பதியப்படலாம். ஒகரக் குறியை ஒரே புள்ளியாக இடலாம். அல்லது கொம்பையும் காலையும் இரு புள்ளிகளாக இடலாம். முதலாவது முறையில் ஊர்ப்பெயர் 10 புள்ளி, இரண்டாவதில் 11. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. யுனிகோட் இவ்விரண்டையும் சமன் என வகுத்து, ஒரு வடிவத்துக்கு மாற்றும் இயல்பாக்க முறையையும் தந்துள்ளது. அதனைச் செய்யாது ஒப்புநோக்கும் மென்பொருளில், ஓர் அலுவலகத்திற் பதியப்பட்ட கிளிநொச்சி மற்றோர் அலுவலகத்தின் தேடலில் அகப்படாது. தேடியவருக்குக் கிடைப்பது ‘பதிவு இல்லை’ என்ற விடை. காணாமற்போன மகனைத் தேடிவந்த தாய்க்கு அவ்விடை எத்தகையது என்பதை விளக்கவேண்டியதில்லை.

இலங்கையின் தமிழ் அலுவலகச் சூழலுக்கே உரிய ஒரு வேடிக்கையும் உண்டு. யுனிகோட் பரவுமுன் இங்கு ஆட்சி செலுத்தியது பாமினி எழுத்துரு. அதன் ஆட்சி இன்றும் முற்றாக நீங்கிவிடவில்லை. பாமினியில் தட்டெழுதப்பட்டது கணினியின் கணக்கில் தமிழன்று, ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளுமே. எழுத்துருவின் முகமூடி அதனைத் தமிழாகக் காட்டுகின்றது. அம்முறையில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு உரியது அரைப்புள்ளிக் குறி. அக்குறியோ தரவுத்தள மொழியில் ஒரு கட்டளையை முடித்து வைப்பது. ஆதலின் விலக்குப்பட்டியல் எழுதுவோர் முதலில் நீக்கும் குறிகளுள் அதுவும் ஒன்று. அவ்விதியின் வழிச் சென்ற ‘தமிழ்’ என்னும் சொல் ‘தமிழ’ என வெளிப்படும். மகன் மகன ஆவான். ஓலையில் எழுத்தாணி கிழிக்குமென்று புள்ளியிடாது விட்ட ஏட்டுக் காலத்தை மென்பொருட் பாதுகாப்பு மீட்டுத் தந்தது என்றே சொல்லத் தோன்றுகின்றது. ஏட்டை வாசித்தவர் விடுபட்ட புள்ளியை இடம் நோக்கி உணர்ந்தார், கணினி அவ்வாறு உணர்வதில்லை.

இவற்றைக் கொண்டு இறுக்கமே தமிழுக்கு எதிரி என முடிவுசெய்தல் அவசரமான தீர்ப்பாகும். தாராளம் செய்த தீங்கும் சிறிதன்று. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 2018இல் வெளிவந்த 8.0 பதிப்பு வரையில் மேற்கைரோப்பிய எழுத்துத் தொகுதியையே இயல்பிருப்பாகக் கொண்டிருந்தது. 2015இல் வெளிவந்த 5.7 பதிப்பு வரை கண்டிப்பு முறை இயல்பாக இயக்கப்பட்டிருக்கவுமில்லை. இவ்விரண்டும் கூடிய நிலையில், தொகுதிக்குள் அடங்காத தமிழ்ப் பெயர் மறுக்கப்படுவதில்லை, வினாக்குறிகளின் வரிசையாக மாற்றப்பட்டு ஏற்கப்படும். நீளம் மிகுந்தால் அது ஓசையின்றி வெட்டப்படும். மறுக்கப்பட்ட பெயரைத் திரும்ப எழுதலாம். ஏற்கப்பட்டதுபோல் தோன்றி அழிந்த பெயரைப் பல மாதங்களின் பின் யார் மீட்பது? இவ்விடத்தில் கண்டிப்பே பதிவு செய்பவரின் பக்கம் நிற்கின்றது. அவ்வாறே 2015 ஏப்ரலில் வேர்ட்பிரஸ் மென்பொருளின் 4.1.2 பதிப்பு திருத்திய கடுமையான வழுவும் இவ்வகைத் தாராளத்தின் விளைவே. தரவுத்தளம் தாங்கமாட்டாத நாலு பைட்டு எழுத்து ஒன்று வந்ததும் எஞ்சிய தொடர் ஓசையின்றி வெட்டப்பட்டது. வெட்டுக்கு முன் சரிபார்க்கப்பட்ட தொடர் வெட்டுக்குப் பின் வேறொன்றாகித் தாக்குவோருக்கு வழிதிறந்தது. தமிழ்ப் பெயரைச் சிதைத்த அதே கவலையீனம் தாக்குவோனுக்கும் வாயில் திறந்தது என்பது இவ்வழக்கின் சிறப்பு. பிறமொழி எழுத்துகளைக் கவனிப்பது பாதுகாப்புக்கு வெளியே செய்யப்படும் சலுகை என்ற எண்ணம் இதன்முன் நிற்காது.

தமிழ் இலக்கண மரபும் ஒரு வகையில் உள்ளீட்டு விதிகளின் மரபே. எவ்வெழுத்து மொழிக்கு முதலாகும், எது ஈறாகும், எதனோடு எது மயங்கும் எனத் தொல்காப்பியம் வகுத்தது. ஆயினும் பிறமொழிச் சொல் வந்தபோது அதனை வாயிலில் நிறுத்தித் திருப்பியனுப்புமாறு அது கூறவில்லை. வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்துக்கு இயைய எழுதிக்கொள்ளுமாறு கூறிற்று. பின்வந்தோர் ஜ, ஷ, ஸ, ஹ என்பவற்றைக் கிரந்தத்திலிருந்து ஏற்றுக்கொண்டனர். விதி வழக்குக்கு வழிவிட்டது. இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் தகாது. இலக்கணிகள் மொழியைக் காத்தனரேயன்றிக் கடவுச்சொற்களைக் காத்தவரல்லர். ஆயினும் மறுத்தல், மாற்றியெழுதுதல், ஏற்றுக்கொண்டு உரிய இடத்தில் உரிய வடிவில் வெளிப்படுத்துதல் என மூன்று வேறு செயல்கள் உள என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. இன்றைய மென்பொருள் விதிகள் பலவற்றில் அத்தெளிவு காணப்படவில்லை.

பெயரின் அமைப்புப் பற்றிய விதிகளை விரித்துரைத்தல் வேண்டாம். தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் நிற்கும் வழக்கு, தலைப்பெழுத்தின் பின் வரும் புள்ளி, ஒற்றைப் பெயர் என்பன ‘முதற்பெயர், குடும்பப்பெயர்’ என்ற இரு கட்டங்களுக்குள் அடங்காமை பலரும் அறிந்ததே. தேசிய அடையாள அட்டை இலக்கம் சற்றுக் கவனத்துக்குரியது. பழைய இலக்கத்தில் 9 எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் உள்ளன. 2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கத்தில் 12 எண்கள் உள்ளன. இரண்டிலும் பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும், பெண்ணாயின் அந்நாளெண்ணோடு 500 கூட்டப்படுவதும் அடங்கும். இத்துணை ஒழுங்கான இலக்கத்தைச் சரிபார்த்தல் எளிது, பயனுடையதுங்கூட. எனினும் ஒரு வடிவத்தை மட்டும் அறிந்த விதி மற்றையதை மறுக்கும். அட்டையே இழந்தவரையும், பிறப்புச் சான்றிதழ் அழிந்தமையால் உத்தேச வயதுச் சான்றிதழோடு வந்தவரையும் ‘கட்டாயப் புலம்’ என்ற விதி மறுக்கும். இடப்பெயர்வின் பின் வன்னியில் இத்தகையோர் விதிவிலக்கானவர் அல்லர். நிவாரணப் பதிவேட்டின் விதி வங்கியின் விதியாக அமைதல் பொருந்தாது.

மென்பொருட் பாதுகாப்புக்கென இயங்கும் ‘ஓவாஸ்ப்’ அமைப்பின் வழிகாட்டல் இவ்விடயத்திற் பலர் எண்ணுவதிலும் நிதானமானது. சுதந்திரமாக எழுதப்படும் பன்மொழி உரையை முதலில் இயல்பாக்கம் செய்து, எழுத்து வகுப்புகளைக் கொண்டு அனுமதிக்கவேண்டும் என்றும், தரவுத்தளக் கட்டளை ஊடுருவலைத் தடுப்பதற்கு உள்ளீட்டுச் சரிபார்ப்பு முதன்மை அரணாகாது என்றும் அது கூறுகின்றது. கட்டளையையும் தரவையும் தனித்தனியே அனுப்பும் முறையே அதற்குரிய அரண். அவ்வரண் இருக்குமாயின் அரைப்புள்ளியையோ மேற்கோட்குறியையோ பெயரிலிருந்து பறிக்கவேண்டிய தேவை எழாது. எழுத்து என வரும் இடமெல்லாம் சேர்குறியையும் உடன் சேர்த்தல், நீளத்தைப் பைட்டால் அளவாமை, வெட்டுவதற்குப் பதிலாக மறுத்துக் காரணம் கூறல் என்பன பெருஞ்செலவு வேண்டாத திருத்தங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரிற் பொறியியற் பீடமும், 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக விளங்கும் வவுனியாவிற் கணினிக் கல்வியும் உள்ளன. இத்திருத்தங்களை அங்குள்ள மாணவர் எவரும் எழுதி அனுப்பலாம். மூடிய மென்பொருளில் முறையிடலாம், திருத்தவியலாது. மூன்று மாவட்டங்களின் பெயர்களையும், ‘நொ’வின் இரு வடிவங்களையும் ஒரு மென்பொருளின் சோதனைத் தொகுப்பிற் சேர்த்துவிட்டால், பின்னர் விதியை இறுக்குபவர் அவற்றை உடைக்கும் வேளையிலே அது அவருக்குத் தெரியவரும்.

எல்லாம் இவ்வாறு தீர்ந்துவிடுவதுமில்லை. கௌரி என்ற பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ‘ள’ என்ற எழுத்தையும் இட்டுக் ‘கெளரி’ என எழுதும் வழக்கம் பெரிதும் பரவியுள்ளது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. யுனிகோட்டின் இயல்பாக்கமும் இதனைச் சமன்செய்யாது, ஏனெனில் ‘ள’ இங்கு முழு எழுத்து. மயக்கந்தரும் இவ்வடிவத்தை ஏமாற்றுக் கணக்குக்கு இடமெனக் கருதி மறுக்கும் விதி, பெயருக்கு உரியவரையே மறுத்துவிடும். தானாகத் திருத்தியெழுதும் விதியோ, அவருடைய பிறப்புச் சான்றிதழிலிருந்து பெயர்த்தெழுதப்பட்ட பதிவோடு இணங்காத பதிவொன்றை உருவாக்கிவிடும். எழுதியவாறே பெயரைப் பேணி, தேடலுக்கு மட்டும் இரு வடிவங்களையும் ஒன்றாக்கிய மறைவான திறவுச்சொல் ஒன்றை உடன் வைத்தலே இப்போதைக்குப் பொருத்தமான வழியாகத் தோன்றுகின்றது. அத்திறவுச்சொல்லில் ல, ள, ழ மயக்கத்தையும் ந, ன, ண மயக்கத்தையும் எந்த அளவுக்குச் சேர்ப்பது என்பது தமிழ் பயின்றோரும் கணினி பயின்றோரும் ஒருங்கிருந்து வரையறுக்க வேண்டிய வேலை.