யார் பார்ப்பதற்காக இந்த ஊர்?

டாக்கர் நகரத்துக் குதிரைவண்டிக்காரன் ஒருவன். காலையிலிருந்து ஏறி இறங்கியவர்களில் சிலர் காசே தரவில்லை. அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறான். அப்போது புகழ்பாடும் பாணன் ஒருவன் வந்து நின்று, வண்டிக்காரனின் முன்னோர் எப்பேர்ப்பட்ட வீரர்கள் என்று குரலெடுத்துப் பாடுகிறான். வண்டிக்காரனுக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது. அன்றைய வரும்படியை அப்படியே அவன் கையில் கொடுத்துவிடுகிறான். வீட்டிலோ அடுப்பு எரிய வழியில்லை.

செனகலின் உஸ்மான் செம்பேன் 1963-ல் எடுத்த ‘போரோம் சாரெத்’ குறும்படத்தில் வரும் காட்சி இது. ஓடும் நேரம் சுமார் 20 நிமிடம். ஆப்பிரிக்க மண்ணில் கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் எடுத்த முதல் கதைப்படம் என்று பலரும் இதைச் சொல்வதுண்டு. நாற்பது வயதில் செம்பேன் அன்று புதுமுக இயக்குநர். குலப்பெருமையை அவர் கேலி செய்யவில்லை. தலையில் வைத்துக் கொண்டாடவும் இல்லை. அந்தப் பெருமை ஓர் ஏழையின் சட்டைப்பையிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டு போகிறது என்று எண்ணிக் காட்டினார். ஆப்பிரிக்காவிலும் தீவு நாடுகளிலும் பின்னால் வந்த குறும்படங்களில் எது தேறியது, எது தேறவில்லை என்று பார்க்க இந்த ஒரு காட்சியே நல்ல உரைகல்.

இந்தப் படத்திலும் ஒரு குறை உண்டு. வண்டிக்காரன் மனத்துக்குள் பேசிக்கொள்வதெல்லாம் பிரெஞ்சில்! வொலோஃப் மொழியில் செம்பேன் முழுநீளப் படம் எடுக்க 1968-ல் ‘மண்டபி’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கென்யாவின் வனூரி கஹியு எடுத்த ‘பும்சி’யில் (2009) இதே சிக்கல் வேறு உருவத்தில் தலைகாட்டுகிறது. தண்ணீருக்காக மூண்ட மூன்றாம் உலகப் போருக்குப் பிறகு, பூமிக்கடியில் அடைந்து வாழும் மனிதர்கள். வியர்வையையும் சிறுநீரையும் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். உடற்பயிற்சிக் கருவிகளில் ஓடி மின்சாரம் எடுக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் வேலைபார்க்கும் ஆஷாவுக்கு உயிர்ப்புள்ள மண் கொஞ்சம் கிடைக்கிறது. முளைவிட்ட செடியைத் தூக்கிக்கொண்டு வெளியே பாலைவனத்துக்கு ஓடி, நட்டு, கடைசிச் சொட்டு நீரையும் ஊற்றி, தன் உடம்பாலேயே அதற்கு நிழல் தருகிறாள். பேச்சு குறைவு, உள்ளதும் ஆங்கிலம். படப்பிடிப்பு தென்னாப்பிரிக்காவில். பணத்தில் ஒரு பங்கு அமெரிக்க நிறுவனமான ஃபோகஸ் ஃபீச்சர்ஸிலிருந்தும், ஒரு பங்கு ஜெர்மனியின் கோதே நிறுவனத்திலிருந்தும் வந்தது.

அப்படியானால் இதில் கென்யா எங்கே? மரம் நடுவதையே ஓர் அரசியலாக்கி 2004-ல் நோபல் பரிசு பெற்ற வங்காரி மாத்தாயின் நாட்டில், ஒரு பெண் செடியோடு நடந்து போனாலே போதும், யாரும் விளக்க வேண்டியதில்லை. கஹியு அதே காலத்தில் மாத்தாயைப் பற்றி ஆவணப்படமும் எடுத்தவர். ஊரின் சாயல் உடையில் இல்லை, செயலில் இருக்கிறது. பணம் எங்கிருந்து வந்தாலும் இந்தப் படம் தப்பித்தது அதனால்தான்.

எல்லாப் படங்களும் இப்படித் தப்பிப்பதில்லை. 2023 மார்ச்சில் நெட்ஃப்ளிக்ஸும் யுனெஸ்கோவும் சேர்ந்து, ஆப்பிரிக்க நாட்டார் கதைகளைப் புதிதாகச் சொல்லும் 6 குறும்படங்களை வெளியிட்டன. 13 நாடுகளிலிருந்து 2,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள். தேர்வானவர்களுக்குத் தலா 25,000 டாலர் பரிசு, படமெடுக்க 75,000 டாலர். ஹவுஸா, சுவாஹிலி, ருன்யங்கோலே, ஹஸ்ஸானிய அரபு மொழிகளிலெல்லாம் படம் எடுக்க வழி பிறந்தது. செம்பேனுக்குக் கிடைக்காத வசதி இது.

உகாண்டாவின் லூக்மன் அலி எடுத்த ‘கட்டேரா ஆஃப் த பனிஷ்மென்ட் ஐலண்ட்’ அந்த ஆறில் ஒன்று. புன்யோன்யி ஏரியில் அகம்பேனே என்று ஒரு குட்டித் தீவு உண்டு. திருமணமாகாமல் கருவுற்ற பெண்களை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவது ஒரு காலத்தில் வழக்கம். பசியில் சாகலாம், நீந்திப் பார்த்து மூழ்கலாம். பெண்ணுக்குப் பரியம் கொடுக்க மாடு இல்லாத ஏழை எவனாவது படகில் வந்து கூட்டிப்போனால் பிழைக்கலாம். இவ்வளவு கனமான விஷயத்தை அலி கண்ணைக் கட்டிப்போடும் ஒளிப்பதிவோடு தொடுகிறார். ஆனால் கதை பழிவாங்கலாகத் திரும்பியதும் குற்றமெல்லாம் செல்வாக்குள்ள ஒருவன் தலையில் போய் விழுகிறது. படகில் ஏற்றி அனுப்பிய ஊர்வழக்கமும், உறவும், மாட்டுக் கணக்கும் பின்னால் ஒதுங்கிவிடுகின்றன. வில்லன் செத்தால் கணக்குத் தீர்ந்தது என்பது எந்த நாட்டுப் பார்வையாளனுக்கும் சட்டென்று புரியும். சிக்கலே அதுதான்.

நைஜீரியாவின் கொரேடே அஸீஸ் எடுத்த ‘ஸபின் ஹலிமா’ இன்னும் துணிச்சலானது. மனிதரில் பெரும்பாலோர் மெய்நிகர் உலகுக்குப் போய்விட்ட காலத்தில், ஒரு ஃபுலானி கிராமத்துப் பெண் கட்டாயக் கல்யாணத்துக்குத் தப்பி, செயற்கை நுண்ணறிவு ஆணோடு ஓடிப்போகிறாள். ஆனாலும் ஆறு நாட்டுக் கலைஞர்களிடம் ‘நாட்டார் கதை கொண்டுவா’ என்று ஒரே நிபந்தனையை வைத்தது ஏன் என்ற கேள்வி போகவில்லை. ஐரோப்பிய இளைஞன் தன் வாடகைவீட்டுத் தகராறைப் படமாக்கலாம். ஆப்பிரிக்க இளைஞன் மட்டும் பாட்டி சொன்ன கதையோடு வர வேண்டுமா?

தீவுகளுக்கு வந்தால், கொமோரோத் தீவுகளைக் களமாகக் கொண்ட ‘லா ரெசிடான்ஸ் இலாங் இலாங்’ (2008) நினைவில் நிற்கிறது. சகோதரர் இருவரில் ஒருவன் பல ஆண்டுகளாகப் பிரான்சில். அவன் ஊரில் கட்டிய மாளிகை ஆளில்லாமல் கிடக்க, ஊரில் இருப்பவன் அதைப் பராமரித்துக்கொண்டிருக்கிறான். ஒருநாள் ஊரில் இருப்பவனின் குடிசை தீயில் எரிந்துபோகிறது. இயக்குநர் ஹஷிமியா அஹமதா பிரான்சில் பிறந்த கொமோரோப் பெண். வெளிநாட்டில் வளர்ந்தவர் ஊரைப் பற்றி எடுக்கலாமா என்று கேட்பவர்கள் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். காலி மாளிகையின் வலி அதைக் கட்டியவர்களின் பிள்ளைக்கும் தெரியும்.

கான் விழாவில் விமர்சகர் வாரத்துக்குத் தேர்வான படம் அது. அங்கேதான் அடுத்த பழுது தொடங்குகிறது. குறும்படம் பெரிய படத்துக்கு ஏறும் ஏணியாகவே பார்க்கப்படுகிறது. செனகல் வம்சாவளியில் பாரிஸில் பிறந்த மாத்தி தியோப்பின் ‘அட்லாண்டிக்’ (2009), நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கடல்தாண்ட முயன்ற கதை பேசும் இளைஞர்களைக் காட்டிய 16 நிமிடப் படம். அதிலிருந்து வளர்ந்த முழுநீளப் படம் 2019-ல் கானில் கிராண்ட் ப்ரீ வாங்கியது. இன்று குறும்படத்தை அதன் முன்னோட்டமாக மட்டுமே குறிப்பிடுகிறார்கள். அநியாயம், பெரிய படத்தில் இல்லாத ஓர் இறுக்கம் அந்தச் சின்னப் படத்தில் இருக்கிறது.

இந்த ஏணிக் கணக்குக்கு வெளியே சில இடங்கள் உண்டு. பழைய திரையரங்குகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்ட மடகாஸ்கரின் அன்டனனரிவோவில் 2006 முதல் குறும்பட விழா நடக்கிறது. அந்நாட்டின் புதிய தலைமுறைக்குப் பள்ளிக்கூடமும் கொட்டகையும் அதுவே. மொரிஷியஸில் 2007-ல் ‘இல் கூர்’ விழா தொடங்கியது. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை விடும் நாடு என்று தமிழருக்கு மொரிஷியஸ் தெரியும். அங்கே கிரியோல் மொழியில் சினிமா வளர்வது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆப்பிரிக்காவில் சுமார் 7,87,000 பேருக்கு ஒரு திரை என்கிறது 2021-ல் வந்த யுனெஸ்கோ அறிக்கை. அதாவது இந்தப் படங்களின் ஊர்க்காரர்கள்தான் இவற்றைக் கடைசியாகப் பார்க்கிறார்கள், பார்த்தால். வெளியூர்க்காரன் கண்ணுக்காக ஊரை அலங்கரிக்கும் பழக்கம் பாதி இங்கிருந்துதான் வருகிறது. தப்பைச் சொல்ல எதிரே ஊர்க்காரன் உட்கார்ந்திருந்தால் அலங்காரம் தானாகக் குறையும். படமெடுக்க 75,000 டாலர் கொடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கட்டும்: முதல் காட்சி கதை நடக்கும் ஊரில், இலவசமாக.