கல்லறைக் காட்சியும் திரையாக்கமும்: ‘ரோமியோ ஜூலியட்’ - ஓர் ஒப்பாய்வு

ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தை ஆஸ்திரேலிய இயக்குநர் பாஸ் லுர்மன் 1996இல் திரைப்படமாக்கினார். அப்படத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் புறத்தோற்றத்தோடு நின்றுவிடுகிறது. வெரோனா நகரம் ‘வெரோனா பீச்’ ஆனதும், ‘வாள்’ என்னும் சொல் கைத்துப்பாக்கியின் வணிகப்பெயர் ஆனதும், இவற்றுக்கிடையே நாடகத்தின் பழைய ஆங்கிலமே ஒலிப்பதும் வியப்புக்குரியனவே. எனினும், உரையாடலில் காட்டப்படும் இந்தப் பற்று, கதைப்பின்னலில் நிகழ்ந்த பெரிய மாற்றமொன்றை மறைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அம்மாற்றம் இறுதிக் காட்சியில் உள்ளது.

நாடகத்தில் ஜூலியட் கண்விழிக்கும்போது ரோமியோ இறந்து கிடக்கிறான். அவள் உயிரோடிருந்ததை அவன் அறியவே இல்லை. படத்திலோ அவன் நஞ்சருந்தும் கணத்தில் அவளது கை அவன் கன்னத்தைத் தொடுகிறது. இருவரும் ஒருவரையொருவர் காண்கின்றனர். நேர்ந்த பிழையை அவன் உணர்ந்தே சாகிறான்.

இதனைத் திரைப்படத்தின் புதுமை எனக் கொள்வதற்கில்லை. இத்தாலியக் கதையாசிரியர் பந்தெல்லோவிடம் (1554) ரோமியோ இறக்குமுன்பே நாயகி விழித்துவிடுகிறாள். ஷேக்ஸ்பியருக்கு மூலமான ஆர்தர் புரூக்கின் நெடுங்கவிதையில் (1562) அச்சந்திப்பு இல்லை. பின்னர் டேவிட் கேரிக் 1748இல் மேடைக்கெனத் திருத்திய வடிவம் காதலர்க்கு நீண்டதொரு இறுதி உரையாடலையே அளித்தது. 1845இல் சார்லட் குஷ்மன் இலண்டனில் மூலத்தை மீட்டு நடிக்கும்வரை மேடையில் ஓங்கி நின்றது கேரிக்கின் வடிவமே. ஆகவே ‘நவீன’ப் படம் இவ்விடத்தில் பதினெட்டாம் நூற்றாண்டு மேடையின் சுவைக்கே திரும்புகிறது. இரக்கத்தை மிகுவிக்கும் வழி அது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதற்குக் கொடுக்கப்பட்ட விலை என்ன? நாடகத்தில் அறியாமை காதலர்க்கும், அறிதல் எஞ்சியோர்க்கும் உரியவை. பிணங்களின் முன்னே துறவி லாரன்ஸ் ஏறத்தாழ 40 வரிகளில் நடந்ததனைத்தையும் எடுத்துரைக்கிறார். பார்வையாளர் முன்பே அறிந்த செய்திதான். அரங்கில் சலிப்பூட்டும் பகுதி என்று வெட்டப்படுவதும் உண்டு. எனினும் அவ்வுரை நமக்கானதன்று, பெற்றோர்க்கானது. அதைக் கேட்ட பின்னரே பகைவர் இருவரும் கைகோக்கின்றனர். படம் இவ்வுரையை நீக்குகிறது. துறவி கல்லறைக்கு வருவதும் அஞ்சி ஓடுவதும் இல்லை. அங்கே ரோமியோவின் வாளுக்கு இரையாகும் பாரிஸும் படத்தில் சாவதில்லை. அறிதல் காதலர் இருவரின் கண்களுக்குள் சென்று, அவர்களோடு மடிகிறது.

கடிதம் சேராமற்போகும் நிகழ்விலும் இதே போக்கைக் காணலாம். நாடகத்தில் கொள்ளைநோய் ஐயத்தால் தூதர் வீடொன்றில் அடைக்கப்படுகிறார். 1592 முதல் 1594 வரை கொள்ளைநோயால் நெடுநாள் மூடிக்கிடந்த இலண்டன் அரங்குகளை அறிந்தோர்க்கு அது வெறும் கதைத்தந்திரம் அன்று. படத்தில், அஞ்சல் ஊழியர் விட்டுச்சென்ற அறிவிப்பை ரோமியோ கவனிப்பதில்லை, அவ்வளவே. ஊரின் துயரம் தனிமனிதக் கவனக்குறைவாகச் சுருங்குகிறது.

மூத்தோரின் சமரசத்தை இக்காலப் பார்வையாளர் நம்பார் என்று லுர்மன் கருதியிருக்கலாம். அவ்வாறாயின் அது நேர்மையான முடிவே. தேவாலயத்தின் வெளியே தந்தையர் இருவரும் தனித்தனியே நிற்கின்றனர். காவல்தலைவரின் கண்டனம் மட்டும் ஒலிக்கிறது. இடர்ப்பாடு அதன் பின்னர்தான் எழுகிறது. நாடகத்தில் இளவரசர் கூறும் நிறைவு வரிகளைப் படம் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவரிடம் ஒப்படைக்கிறது. அவ்வரிகள் அமைதி பிறந்ததைக் குறிப்பவை. ஆனால் படத்தில் எவரும் எவரோடும் அமைதி செய்துகொள்ளவில்லை. நிகழாத அமைதியைச் செய்தியாக வாசித்துவிட்டு, தொலைக்காட்சித் திரை புள்ளிகளாகச் சிதறுகிறது.