சபை துறந்தவர்களின் சுயசரிதங்கள்

லண்டன் நகரில் 1907-ஆம் ஆண்டு ‘தந்தையும் மகனும்’ என்ற நூல் வெளிவந்தபோது அதன் முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. எழுதியவர் எட்மண்ட் காஸ். விமரிசகர் என்ற முறையில் அக்காலத்தில் பெருங்கீர்த்தி பெற்றிருந்தவர். கடல்வாழ் ஜந்துக்களை ஆராய்ந்த விஞ்ஞானியாகிய தம் தந்தை ஃபிலிப் ஹென்றி காஸின் ஜீவிய சரித்திரத்தைப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1890-இல், தம் பெயரிட்டு வெளியிட்டிருந்தவர். அதே தந்தையைப் பற்றி மறுபடியும் எழுதத் துணிந்தபோது அவர் தம் பெயரை மறைத்துக்கொண்டதன் காரணம், முதல் நூல் தந்தையின் கதை, இரண்டாவது நூலோ அத்தந்தையின் விசுவாசத்தினின்றும் மகன் விலகிய கதை என்பதே. சுவிசேஷ சபைகளை விட்டு நீங்கியவர்கள் எழுதிய சொந்தக் கதைகள் இன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரு தனித்துறை என்று சொல்லத்தக்க அளவுக்குப் பெருகிவிட்டன. ஆயினும் அத்துறையில் முதன்மையான நூல் இன்னும் இதுவே என்பது என் துணிபு.

காஸ் குடும்பத்தார் ‘பிளிமத் சகோதரர்’ என்னும் கண்டிப்பான சபையினர். கற்பனைக் கதை என்பது பொய்யே என்று கருதிய தாய், மகனுக்கு ஒரு கதைகூடச் சொல்லாமல் வளர்த்தார். கிறிஸ்துமஸ் கொண்டாட்டமோ தந்தைக்கு அருவருப்பான விக்கிரக ஆராதனை. தாய் இறந்த 1857-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் அன்று, வேலைக்காரப் பெண்கள் தங்களுக்கென்று இரகசியமாகச் செய்த புட்டிங்கில் ஒரு துண்டை எட்டு வயதுப் பிள்ளைக்கும் கொடுத்துவிடுகிறார்கள். தின்றபின் மனச்சாட்சி உறுத்த, தந்தையின் அறைக்கு ஓடி, விக்கிரகங்களுக்குப் படைத்ததைப் புசித்துவிட்டேன் என்று அவன் அழுகிறான். விஷயம் இன்னதென்று அறிந்த தந்தை, பிள்ளையின் கையைப் பற்றியபடியே சமையற்கட்டுக்குள் பாய்ந்து, மிச்சத்தைத் தட்டோடு எடுத்துக்கொண்டு குப்பைமேட்டுக்கு ஓடி, பலகாரத்தைச் சாம்பலில் எறிந்து ஆழப் புதைத்துவிடுகிறார். அவர் ஒரு கையில் தட்டையும் மறு கையில் மகனையும் பிடித்துக்கொண்டு ஓடுகிறார் என்பதை காஸ் விடாமல் எழுதியிருக்கிறார். பிள்ளையின் ஆத்துமா அழிந்துபோகுமோ என்று நடுங்கியவரின் அன்பும், அந்த அன்பினாலேயே பிள்ளைக்கு மூச்சு முட்டியதும் ஒரே காட்சியில் நம் கண்முன் நிற்கின்றன.

சபையில் வளர்ந்தவர்களுக்குச் சாட்சி சொல்லுதல் பால்யத்திலேயே பழகிய காரியம். முன்பு இருளில் கிடந்தேன், இன்ன நாளில் ஒளியைக் கண்டேன், இன்று சமாதானமாய் இருக்கிறேன் என்று ஆராதனை நடுவே எழுந்து நின்று சொல்லும் அந்த முறையை நம் ஊர்ச் சபைகளில் அமர்ந்து கேட்டவர்களும் அறிவார்கள். சபையை விட்டவர்கள் உபதேசத்தை விடுகிறார்கள், ஜெபத்தை விடுகிறார்கள், உற்றாரையும்கூட இழக்கிறார்கள். ஆனால் எழுத உட்காரும்போது அந்தச் சாட்சியின் வடிவம் மட்டும் அவர்களை விடுவதில்லை. சபையே இருளாகவும் வெளியுலகமே ஒளியாகவும் இடம் மாறிவிட, அதே பழைய கதை தலைகீழாகச் சொல்லப்படுகிறது. பிரசங்கியாராக இருந்த டான் பார்க்கர் 1992-இல் வெளியிட்ட நூலும், பில்லி கிரஹாமோடு ஒரு காலத்தில் சுவிசேஷம் அறிவித்த சார்லஸ் டெம்பிள்டன் 1996-இல் ‘கடவுளுக்கு விடை’ என்று எழுதிய நூலும் தர்க்கத்தில் வலிமை உடையவை, நேர்மையானவை; ஆனால் பின்னே நின்றுவிட்டவர்களின் முகங்கள் அவற்றை மூடியபின் நம் நினைவில் தங்குவதில்லை.

அமெரிக்காவில் இவ்வகை நூலுக்குப் பிரசுர வழியிலும் ஒரு சங்கடம் உண்டு. வேதாகமம் அச்சிட்டுப் பெருகிய சோண்டர்வான் நிறுவனம் 1988-இல் ஹார்ப்பர் பதிப்பகத்தாரின் உடைமையாயிற்று. தாமஸ் நெல்சன் நிறுவனமும் 2012-இல் அவர்களிடமே வந்து சேர்ந்தது. பதிப்பகங்கள் இவ்வாறு உலகியல் வாணிகத்தின் கைக்குப் போனபின்னும், விசுவாசிகள் நம்பி நுழையும் புத்தகக் கடையின் வாசல் சபையாரின் கையிலேயே இருந்தது. தென் பாப்டிஸ்டு மகாசபையைச் சார்ந்த லைஃப்வே கடைகள், 2012-இல் ரேச்சல் ஹெல்ட் எவன்ஸின் நூலொன்றை விற்பனைக்கு எடுக்க மறுத்தன. 2016-இல் ஜென் ஹாட்மேக்கரின் நூல்களை அலமாரியிலிருந்து நீக்கின. எவன்ஸ் வளர்ந்த டென்னசி மாகாணத்து டேட்டன், பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக ஓர் உபாத்தியாயர் 1925-இல் விசாரிக்கப்பட்ட ஊர். அவ்வூரின் பட்டப்பெயரைச் சுட்டிய தலைப்போடு 2010-இல் வெளிவந்த எவன்ஸின் முதல் நூல், நான்கு ஆண்டுகளுக்குப் பின் வேறு தலைப்போடு மறுபிரசுரமாயிற்று. அவர் கிறிஸ்துவை விடவில்லை. வளர்த்த சபையை மட்டுமே விட்டு, எபிஸ்கோப்பல் சபையில் சேர்ந்தார். சந்தேகத்தைப் பாவமாகவும் வெற்றியாகவும் கொள்ளாமல், வீட்டில் நோயுற்ற ஒருவரைப் பேணுவதுபோல் பேணி எழுதிய அப்பெண்மணி 2019-இல் முப்பத்தேழாம் வயதில் மறைந்தது பேரிழப்பு. லைஃப்வேயும் அதே ஆண்டில் தன் கடைகள் அனைத்தையும் மூடப்போவதாக அறிவித்தது.

ஜோஷுவா ஹாரிஸ் வேறொரு வகை. கல்யாணத்துக்கு முந்திய காதற் பழக்கத்தைத் துறக்கும்படி இளைஞருக்கு உபதேசித்து 1997-இல் அவர் வெளியிட்ட நூல் இலக்ஷக்கணக்கில் விற்று, ஒரு தலைமுறையின் மணவாழ்வையே திசைதிருப்பியது. 2018-இல் அதன் மறுபதிப்பை நிறுத்தும்படி அவரே ஏற்பாடு செய்தார். மறு ஆண்டில் தாம் கிறிஸ்தவர் அல்லர் என்று தெரிவித்தார். எழுதியதைத் திரும்பப் பெற முயன்ற அச்செயலையும் இத்துறையில் சேர்த்தே எண்ண வேண்டும் என்பேன்.

கான்சஸ் மாகாணத்து டொபீக்காவில், சவ அடக்கங்களின் எதிரே வசைப் பலகைகள் ஏந்தி நின்ற வெஸ்ட்பரோ சபையை, மற்றைச் சுவிசேஷ சபைகள் தம் இனமென்று ஒப்புவதில்லை. சிறு பிராயத்திலேயே அப்பலகையைச் சுமந்து, 2012-இல் தங்கையோடு வெளியேறிய மேகன் ஃபெல்ப்ஸ்-ரோப்பர், 2019-இல் எழுதிய நூலில் சபையின் கொடுமையை மறைக்கவில்லை. அதே ஏட்டில் தாயின் பரிவையும் குறைக்கவில்லை. காஸின் வழியில் வந்தவர் அவர்.

லங்காஷயரின் அக்ரிங்டன் ஊரில் எலிம் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்த ஜெனட் வின்டர்சனின் கதை இவற்றுள் நெஞ்சை மிகவும் வருத்துவது. மெத்தைக்கு அடியில் அவர் ஒளித்து வைத்திருந்த புத்தகங்களை, வளர்ப்புத் தாய் கண்டுபிடித்து, ஜன்னல் வழியே முற்றத்தில் எறிந்து எரித்துவிட்டார். அவ்வீட்டையும் சபையையும் பற்றி, கதாநாயகிக்குத் தம் பெயரையே வைத்து, ‘ஆரஞ்சு மட்டுமே பழம் அல்ல’ என்று அவர் எழுதிய நாவல் 1985-இல் வெளிவந்தது. அதே வாழ்வை நாவல் என்ற போர்வையின்றி 2011-இல் மறுபடி எழுதினார். முதல் நூல் வந்தபோது தாய்க்கும் மகளுக்கும் இடையே பேச்சே அற்றுப்போயிருந்தது. ஆயினும் புத்தகங்களைக் கொளுத்திய அந்தத் தாய், மகளின் புத்தகத்தைத் தருவித்தார். அதற்காகத் தம் வாழ்நாளில் முதல் தடவையாகப் பொய்ப்பெயர் கொடுக்க நேர்ந்ததே என்று சீற்றத்தோடு மகளிடமே சொன்னார்.