வாக்கர்கள் எல்லாரும் ஒரே குடும்பமா?

'வாக்கர்' என்னும் ஆங்கிலக் குடும்பப்பெயரைக் கண்டதும் 'நடப்பவர்' என்றுதான் நீங்கள் பொருள் கொள்வீர்கள். நடந்தவர்தாம், ஆனால் சாலையில் அல்ல, துணியின்மேல்! தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியைத் தொட்டியில் நனைத்து, காலால் மிதிப்பது அவர் தொழில். ஈரத்திலும் அழுத்தத்திலும் கம்பளி இழைகளின் நுண்செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். துணி சுருங்கித் தடிக்கும். இத்தொழிலாளரை இங்கிலாந்தின் வடபகுதியில் வாக்கர் என்றும், தென்மேற்கில் டக்கர் என்றும், தென்கிழக்கில் ஃபுல்லர் என்றும் அழைத்தனர். தொழில் ஒன்று, பெயர் மூன்று.

இத்தகைய செய்திகளின் களஞ்சியம், பி. எச். ரீனி 1958-இல் வெளியிட்ட பிரித்தானியக் குடும்பப்பெயர் அகராதி. பழைய ஏடுகளில் பெயர் காணப்படும் வடிவத்தையும் ஆண்டையும் காட்டி, ஊகத்தை ஒதுக்கிச் சான்றைத் தருவது இந்நூலின் சிறப்பு.

குறை எங்கே? இடைக்கால ஏடு ஒன்றில் ஒரு வாக்கர் இருந்தார் என்று அகராதி காட்டுகிறது. இன்றைய வாக்கர் குடும்பம் அவர் வழிவந்தது என்பதற்கு அது சான்றாகுமா? ஆகாது. தொடக்கத்தில் தொழிற்பெயர் பலருக்கு அவரவர் வாழ்நாளோடு முடிந்தது. மகன் தச்சனானால் அவன் பெயரும் மாறலாம். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் கோயில்கள் பதியத் தொடங்கியதே 1538-இல்தான். இடைப்பட்ட தலைமுறைகளை ரீனி இணைத்துக் காட்டவில்லை. சொல்லின் வரலாறு வேறு, குடும்பத்தின் வரலாறு வேறு அல்லவா?

உயிரியலும் இதையே உணர்த்துகிறது. குடும்பப்பெயரைப் போலவே ஒய் குரோமோசோமும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டுரி கிங், மார்க் ஜாப்ளிங் இருவரும் 40 குடும்பப்பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆடவரை ஆராய்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டனர். ஓர் ஊரின் பெயரால் அமைந்த அட்டன்பரோ என்னும் அரிய பெயரினரில் பெரும்பாலோர் ஒரே மூதாதையின் வழியினர். கொல்லரைக் குறிக்கும் ஸ்மித் என்னும் பெயரினரோ, தொடர்பில்லாப் பொதுமக்களைப் போலவே பலவகைப்பட்டிருந்தனர். காரணம் எளிது: ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார்!

2016-இல் நான்கு தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு குடும்பப்பெயர் அகராதி, பிற்காலப் பதிவுகளையும், 1881 குடிக்கணக்கில் ஒவ்வொரு பெயரும் எங்கு மிகுந்திருந்தது என்பதையும் சேர்த்து, அக்குறையை ஓரளவு நீக்கியுள்ளது.

ஆகவே வாசகர்களே, சொற்பொருள் அறிய அகராதியை நாடுங்கள். குடும்ப வரலாறு வேண்டுமானால், இன்றிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்வதே அறிவியல் வழி.